பர்மா தேக்கு என்று வாங்கிய கதவு தேக்கே இல்லையென்றால்?

கேள்வி: மயிலாப்பூரில் எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது, கடந்த ஆண்டு ஒரு மரவாடியில் தலைவாசல் கதவு, நிலைகள், நான்கு அறைக் கதவுகள் ஆகியவற்றை ரூ. 3,80,000 கொடுத்து வாங்கினேன். வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனில் ‘பர்மா தேக்கு’ என்றும், பில்லில் ‘தேக்குக் கதவு’ என்றும் உள்ளது. அண்மையில் ஒரு கதவை இழைத்த ஆசாரி, இது தேக்கே அல்ல என்றார். கடைக்காரரோ, “ஆப்பிரிக்கத் தேக்கும் தேக்குதானே” என்கிறார். மரத்துண்டை நானே ஆய்வுக்கு அனுப்பி வழக்குத் தொடரலாமா?

பதில்: வழக்குத் தொடரலாம், ஆனால் எதை நிரூபிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ‘இது தேக்கு அல்ல’ என்பது ஒரு குற்றச்சாட்டு. ‘தேக்குதான், ஆனால் பர்மாவில் விளைந்ததல்ல’ என்பது வேறொன்று.

முதல் குற்றச்சாட்டை மர உடற்கூறு ஆய்வு பெரும்பாலும் தீர்த்துவிடும். மரத்தை மூன்று திசைகளில் மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், தேக்கில் ஒவ்வொரு வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக அமைந்திருப்பது தெரியும். ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்ற பெயரில் விற்கப்படும் இரோகோ அத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் துளைகள் வளையமாகச் சேராமல் பரவலாக இருக்கும். அதே வேளையில், ஆப்பிரிக்க நாடுகளில் உண்மையான தேக்கும் தோட்டங்களில் வளர்க்கப்படுகிறது என்பதால், கடைக்காரரின் வாதத்தை உடனே பொய் என்று தள்ளிவிட முடியாது; எந்த மரம் என்று அவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். ஆசாரியின் கருத்தை மட்டும் நம்பியும் இறங்க வேண்டாம்: அசல் தேக்கின் வெளிமரமும் வெளிறித்தான் இருக்கும்.

இரண்டாவது குற்றச்சாட்டு கடினமானது. பர்மா, கேரளத்தின் நிலம்பூர், ஆப்பிரிக்காவின் கானா ஆகிய மூன்று இடத்துத் தேக்கும் ஒரே இனம். நுண்ணோக்கி அவற்றைப் பிரித்துக் காட்டாது. விளைந்த நாட்டைக் கண்டறிய மரபணு ஆய்வும் ஐசோடோப்பு ஆய்வும் உள்ளன என்றாலும், ஒப்பிட அந்தந்தப் பகுதியின் மாதிரிகள் வேண்டும். உலர்த்திப் பாலிஷ் போட்ட மர வைரத்தில் (மரத்தின் உட்பகுதியில்) மரபணுவும் சிதைந்திருக்கும். ஆகவே இதற்கு ஆவணமே நல்ல சாட்சி. மியான்மர் (பர்மா) 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்துள்ள நிலையில், தம்மிடம் வந்த சரக்கின் இறக்குமதி ஆவணங்களையும் கொள்முதல் பில்லையும் தாக்கல் செய்யுமாறு கடைக்காரருக்கு உத்தரவிட நுகர்வோர் ஆணையத்திடம் கோரலாம். என் கருத்தில், புகாரின் முதன்மைக் கோரிக்கை இனத்தைப் பற்றியும், மாற்றுக் கோரிக்கை விளைந்த இடத்தைப் பற்றியும் இருக்க வேண்டும்.

நீங்களாகவே துண்டை அனுப்புவதற்குத் தடையில்லை. பெங்களூரில் உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனமும் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமும் மர இனத்தைக் கண்டறிந்து சொல்கின்றன. ஆனால் ‘அந்தத் துண்டு நாங்கள் விற்ற கதவிலிருந்து எடுத்ததல்ல’ என்று எதிர்த்தரப்பு சொன்னால் அறிக்கையின் வலு பாதியாகிவிடும். அதை நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் உங்கள் சந்தேகம் சரிதானா என்று பார்த்துக்கொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 38-வது பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது: ஆய்வு இல்லாமல் குறையை அறிய முடியாத பொருளின் மாதிரியை மாவட்ட நுகர்வோர் ஆணையமே பெற்று, முத்திரையிட்டு, உரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, 45 நாட்களுக்குள் அறிக்கை தருமாறு பணிக்கலாம். ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு கதவும் வெவ்வேறு மரமாக இருக்கக்கூடும் என்பதால், எல்லாக் கதவுகளிலிருந்தும் நிலைகளிலிருந்தும் தனித்தனி மாதிரி எடுக்கக் கோருங்கள்.

நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் புகாருக்குக் கட்டணம் இல்லை. கடை எங்கிருந்தாலும், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டுகள். அதைக் கதவுகள் வந்திறங்கிய நாளிலிருந்து கணக்கிடுவதே பாதுகாப்பானது. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், அதன் நகலுடன் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுகளுக்குத் தர வேண்டிய சான்றிதழையும் இணையுங்கள்.

போலீஸ் புகாரை நான் முதலில் பரிந்துரைக்க மாட்டேன். மோசடிக் குற்றத்துக்கு ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்ததைக் காட்ட வேண்டும். ‘மொத்த வியாபாரி என்னையும் ஏமாற்றிவிட்டார்’ என்று கடைக்காரர் சொன்னால் அதை உடைப்பது சிரமம். நுகர்வோர் ஆணையத்தில் பணத்தைத் திரும்பப் பெற, அவருடைய எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை.

ஆணையம் மாதிரி எடுக்கும்வரை கதவுகளை மாற்றவோ, மறுபடி இழைக்கவோ, புதிதாகப் பாலிஷ் போடவோ வேண்டாம்.