ஒன்றரை நாள் சம்பளம்

ஐயா,

எனக்கு 27 வயது. அலுவலகத்தில் அறிக்கைகள் தயாரிக்கும் வேலை. இந்த வேலையில் முதல் ஆளாக வர வேண்டும், 40 வயதுக்குள் பணக்கவலையும் தீர வேண்டும் என்று ஆசை. காலையில் சுயமுன்னேற்ற வீடியோக்கள், வேலைக்கு நடுவே பங்குச் சந்தை, இரவில் மறுபடி வீடியோக்கள். இரண்டு வருடமாக எதிலும் நகரவில்லை. சேமிப்பு ஒரு மாதச் சம்பளம் அளவுதான். கொஞ்சம் கிரெடிட் கார்டு பாக்கியும் உண்டு. மேலாளர் என் அறிக்கைகளைப் பாதி அடித்துத் திருப்பி அனுப்புகிறார். முதலில் எதைப் பிடிப்பது? நல்ல பங்கு ஏதாவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வங்கியில் சும்மா கிடந்தால் வருவதைவிட 5 சதவிகிதம் கூடுதலாகச் சந்தையில் சம்பாதித்துவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாமர்த்தியம்தான். ஆனால் ஒரு மாதச் சம்பளத்தில் 5 சதவிகிதம் என்பது ஒன்றரை நாள் சம்பளம். அதற்காக வருடம் பூரா போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வேலையில் தேறி 10 சதவிகித ஊதிய உயர்வு வாங்கினால் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே வரும். அடுத்த வருடமும் வரும்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒரு காலத்தில் கால் மணிக்கொரு தரம் பங்கு விலை பார்ப்பேன். அந்த மாதங்களில் எழுதியதை இப்போது எடுத்துப் படித்தால், எந்தப் பத்தியில் சந்தை இறங்கியது என்று சொல்லிவிடலாம்.

வேலை, பணம் என்று நீங்கள் கேட்ட இரண்டையும் ஒரே ஆயுளில் செய்தவர், அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின். சிறுவயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலை பழகியபோது, தன் எழுத்து சுமார் என்று அவருக்கே தெரிந்தது. பிடித்த கட்டுரையை எடுத்து, வாக்கியத்துக்கு ஓரிரு சொல் குறிப்பு எழுதிக்கொள்வார். சில நாள் கழித்து, மூலத்தைப் பாராமல் குறிப்பை மட்டும் வைத்து முழுக் கட்டுரையையும் எழுதுவார். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தன் தவறுகளைத் திருத்துவார். சொல்வளம் போதவில்லை என்று பட்டதும் உரைநடையைச் செய்யுளாக்கி, மூலம் மறந்த பிறகு மீண்டும் உரைநடையாக்கினார். வேலை முடிந்த இரவிலும் விடிவதற்கு முன்பும் நடந்தது இது. பார்க்கிறவர்களுக்குச் சலிப்பூட்டும் காரியம். வீடியோவாக எடுத்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

1748இல், 42 வயதில், அச்சகத்தைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு அன்றாடத் தொழிலிலிருந்து விலகினார். 1790இல் இறந்தபோது பாஸ்டனுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் தலா 1,000 பவுண்டு விட்டுப்போனார். இளம் தொழிலாளர்களுக்கு 5 சதவிகித வட்டியில் கடன் கொடுத்து, 200 ஆண்டு வளர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. 100 ஆண்டில் ஒரு பகுதியை எடுத்த பிறகும், 1990 வாக்கில் பாஸ்டனின் தொகை சுமார் 50 லட்சம் டாலர் ஆகியிருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் அதில் பாதிகூட இல்லை. ஏற்பாடு ஒன்றுதான், நிர்வாகம் வேறு.

அப்படி வட்டிக்கு வட்டி சேர்வது இப்போது உங்களுக்கு எதிராக வேலை செய்துகொண்டிருக்கிறது. 72ஐ வட்டிவிகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிக்கும் காலம் ஏறக்குறைய கிடைக்கும். கார்டுக்கு மாதம் 3 சதவிகிதம் என்றால் 24 மாதம். கட்டாமல் விட்டால் உங்கள் பாக்கி இரண்டே வருடத்தில் இரண்டு மடங்கு. அதை அடைப்பதைவிட நல்ல முதலீடு இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. பிறகு ஆறு மாதச் செலவைத் தனியாக வையுங்கள். அதற்கு மேல் மிச்சமாவது, கட்டணம் குறைந்த ஓர் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிதிக்கு) மாதாமாதம் தானாகப் போகட்டும். இதில் யோசிக்க அவ்வளவுதான்.

பங்கு கேட்டிருந்தீர்கள். நியூட்டனே 1720இல் சவுத் ஸீ கம்பெனிப் பங்கில் பெரும்பணத்தை விட்டவர். என்னைக் கேட்டால் எப்படி?

மேலாளர் அடித்துத் திருப்பிய அறிக்கை ஒன்று இருக்கும் இல்லையா, அதை எடுங்கள். எதை ஏன் அடித்திருக்கிறார் என்று ஓரத்தில் எழுதுங்கள். நாலு நாள் கழித்து, அதைப் பாராமல் முதல் வரியிலிருந்து எழுதிப் பாருங்கள். அலுவலக ரகசியம் ஏதும் இல்லையென்றால் இரண்டையும் எனக்கு அனுப்பலாம், படிக்கிறேன்.