நீலக்கல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: பாட்டி தந்த நீலக்கல் மோதிரம் இருக்கிறது. என்ன விலை போகும்?

ப: எத்தனை காரட், நிறம் கூட்டச் சூடேற்றிய கல்லா, எந்த ஊர்க் கல், எதுவுமே எழுதவில்லை. படமும் இல்லை. ஆய்வக அறிக்கை எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

கே: மஞ்சள், ரோஸ் நிறங்களிலும் நீலக்கல் உண்டாமே?

ப: உண்டு, எல்லாம் குருந்தம் (corundum) என்ற ஒரே கனிமம்தான். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். குரோமியம் இருந்தால் ரோஸ். நன்றாகச் சிவந்துவிட்டால் மாணிக்கம். நம் கடைகளின் கனக புஷ்பராகம் மஞ்சள் குருந்தம். ஆரஞ்சும் ரோஸும் கலந்த பத்பராட்சா மிக அரிது. 2000-க்குப் பிறகு பெரிலியம் ஊட்டிச் சூடேற்றி நிறம் மாற்றிய கற்கள் அந்தப் பெயரில் நிறைய வந்தன. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அறிக்கை கேளுங்கள்.

கே: ஆன்லைனில் 6 காரட் நீலம், 2,000 ரூபாய்க்கு வாங்கினேன். மோதிரத்தில் பதித்துப் பற்றவைத்த பிறகு கல் முழுக்க வெள்ளைக் கோடுகள். ஆசாரி பணம் தர வேண்டாமா?

ப: வேண்டாம். பாவம், அவர் மேல் பழி போடாதீர்கள். 6 காரட்டில் நல்ல இயற்கை நீலம் அந்த விலைக்குக் கிடைக்காது என்று வாங்கும்போதே தோன்றியிருக்க வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், விரிசல் மலிந்த குருந்தத்தில் கோபால்ட் கலந்த ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிய கல் அது. கண்ணாடி விரிசலை மறைக்கும், நீலத்தையும் கூட்டிக் காட்டும். பற்றவைக்கும் சூட்டிலும், பிறகு முக்கும் அமிலத்திலும் கண்ணாடி கெட்டு விரிசல் வெளியே தெரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு பட்டாலே போதும். லென்ஸ் வைத்துக் கல்லை அசைத்துப் பார்த்தால் விரிசலில் நீல மினுமினுப்பும், உள்ளே குமிழிகளும் தெரியும்.

எனக்கு ஆத்திரம் வருவது, இதைச் சாதாரணமாகச் சூடேற்றிய கல்லோடு சேர்த்து ஒரே பெயரில் விற்பதில்தான். இலங்கையின் பால்நிறக் கியூடா கற்கள் 1970-களிலிருந்து சூளையில் நீலமாகி வருகின்றன. அந்த நிறம் போகாது, சொல்லி விற்றால் தப்பே இல்லை. கண்ணாடி நிரப்பியது வேறு சரக்கு. விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். கடைக்காரர் அச்சடித்த அட்டை அறிக்கை ஆகாது. தனி ஆய்வகத்தின் அறிக்கை வேண்டும்.

கே: காஷ்மீர் நீலமா, இலங்கை நீலமா?

ப: காஷ்மீரின் பாடர் பள்ளத்தாக்கில் 1880-களில் கிடைத்த நல்ல கற்கள் சில ஆண்டுகளிலேயே தீர்ந்துவிட்டன. இன்று ஒருவர் மலிவாகக் காஷ்மீர் கல் என்று நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். இலங்கையின் இரத்தினபுரிக் கற்கள் இன்றும் வருகின்றன. ஆனால் 1998-க்குப் பிறகு மடகாஸ்கரின் இலகாகாவிலிருந்து வருபவை பார்வைக்கு அப்படியே இலங்கைக் கல்தான். ஊருக்காகக் கூடுதல் விலை தருகிறீர்கள் என்றால், ஊர் பெயர் அறிக்கையில் இருக்கட்டும்.

கே: தினமும் அணியலாமா?

ப: தாராளமாக. மோஸ் கடின அளவில் 9, வைரம் 10. டயானாவின் மோதிரத்தில் இருந்த 12 காரட் இலங்கை நீலத்தை இப்போது மருமகள் கேட் அணிகிறார். வைரத்தோடு ஒரே டப்பாவில் மட்டும் போடாதீர்கள், கீறிவிடும்.