கேளுங்கள், சொல்கிறேன்: குளிசை, மூலிகைத் தூள், வெட்டி ஒட்டிய வீடியோ

இந்த முறை மூன்று கடிதங்களுக்குத்தான் பதில். மூன்றும் வேறு வேறு ஊரில் இருந்து வந்தவை, ஆனால் வாசிக்க வாசிக்க ஒரே கதை மாதிரி இருந்தது. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், மன்னியுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு இப்ப ஐந்து மாதம், முதல் பிள்ளை. கிளினிக்கில் இரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9.8 என்று சொல்லி இரும்புக் குளிசை தந்தார்கள். மாமி யூரியூப்பில் ஒரு அண்ணாவின் வீடியோ பார்த்துவிட்டு, அந்தக் குளிசை உடம்பைக் கெடுக்கும், தமிழ்ச் சனத்தைக் குறைக்கத்தான் இதெல்லாம் தருகிறார்கள் என்று சொல்கிறா. அவரிடமே 4,800 ரூபாய்க்கு ‘இரத்தவிருத்தித் தூள்’ எடுப்பித்தும் விட்டா. குளிசை குடித்தால் வயிறு எரிவதும் உண்மை. நான் எதைக் குடிக்க?
– விசுவமடுவில் இருந்து ஒரு தங்கை

பதில்: தங்கச்சி, குளிசையைக் குடியுங்கள். தூளை மூடி வைத்துவிடுங்கள்.

கர்ப்ப காலத்தில் இரத்த அளவு 11க்குக் கீழே போனால் அது இரத்தசோகை. பிள்ளை பிறக்கும்போது கொஞ்சம் கூடுதலாக இரத்தம் போனாலும் தாங்குவதற்கு உடம்பில் இருப்பு வேண்டும், அதற்குத்தான் இந்த அவசரம். வயிறு எரிகிறது என்றால் வெறும் வயிற்றில் குடிக்காமல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தேசிக்காய்த் தண்ணியோடு குடித்துப் பாருங்கள். தேத்தண்ணியைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. கல்சியம் குளிசையை வேறு நேரத்தில் போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. அதற்குப் பிறகும் எரிந்தால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் நேரே சொல்லுங்கள், வேறு குளிசைக்கு மாற்றித் தரலாம். ஏச்சு விழும் என்று பயந்து குளிசைகளைத் தென்னம்பிள்ளைக்குக் கீழே புதைத்துவிட்டு, ‘ஓம், ஒழுங்காகக் குடிக்கிறேன்’ என்று சொன்ன பிள்ளைகளை நான் வேலை செய்த காலத்தில் கண்டிருக்கிறேன். அப்படி மட்டும் செய்யாதீர்கள்.

அந்தப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். என்ன சரக்கு, எவ்வளவு, யார் செய்தது, எந்த விலாசம், ஏதாவது எழுதியிருக்கிறதா? அமெரிக்காவில் பொஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004 இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 14 இல் ஈயம், பாதரசம், ஆசனிக் என்று ஏதாவது ஒரு நஞ்சு இருந்தது. ஈயம் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போய் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எல்லாத் தூளும் அப்படி என்று நான் சொல்லவில்லை, உங்கள் கையில் இருக்கிற தூள் எப்படி என்று யாருக்குமே தெரியாது என்றுதான் சொல்கிறேன். முருங்கையிலை, கீரை, மீன் எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். அரச சித்த வைத்தியசாலையில் பதிவு பெற்ற வைத்தியர் இருக்கிறார், தூளை அவரிடமும் கொண்டுபோய்க் காட்டலாம்.

மாமியின் பயத்தை நான் தட்டிவிடப் போவதில்லை. 2013 இல் கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களின் தாய்மாரைக் கூப்பிட்டு, சரியாக விளங்கப்படுத்தாமல், வற்புறுத்திக் கையில் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்ற முறைப்பாடு வெளியே வந்தது. வன்னிச் சனம் அதை மறக்காது, மறக்கவும் கூடாது. அதில் இருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, கிளினிக்கில் ‘இது என்ன, எதுக்கு, நான் வேண்டாம் என்றால் என்ன நடக்கும்’ என்று வாயைத் திறந்து கேட்கிற பழக்கத்தை. அந்த அண்ணாவோ அதே காயத்தை எடுத்து விளம்பரமாகப் போட்டு 4,800 ரூபாய் வாங்கியிருக்கிறார். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. ஒன்பதாம் மாதத்தில் உங்களுக்கு இரத்தம் 8க்கு இறங்கினால் அவர் வரப்போவதில்லை, ஓட்டோ பிடித்துக்கொண்டு மாமிதான் ஓடவேண்டி வரும். அடுத்த கிளினிக்குக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்வியை அவவே கேட்கட்டும்.

கேள்வி: எப்ப பார்த்தாலும் இங்கிலிஸ் மருந்துக்கே வக்காலத்து வாங்குகிறீர்கள். இயற்கையாக வாழச் சொல்வதில் என்ன பிழை?
– முள்ளியவளையில் இருந்து ஒரு கமக்காரர்

பதில்: ஐயா, பிழையே இல்லை. அந்தச் சொல்லை யார், என்னத்துக்காகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள் என்பதுதான் என் வேண்டுதல். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர், காளியம்மன் காட்டிய மருந்து என்று தேனும் சாதிக்காயும் கலந்த பாணியைக் கொரோனாவுக்குக் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் சனம் நெருக்கியடித்து வரிசையில் நின்றது. அன்றைய சுகாதார அமைச்சரே அதைக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கும் கொரோனா வந்தது. பிறகு 2021 இல் ‘நஞ்சில்லாத உணவு’ என்று சொல்லி ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பெரும்போக வயல் மஞ்சளித்து நின்றதை நீங்கள் வரம்பில் நின்று பார்த்திருப்பீர்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் பயிருக்கு உரிய காலம் போய்விட்டது. நல்ல சொல்லைச் சொன்னவர்களுக்கு நட்டமில்லை, விதைத்தவருக்குத்தான் நட்டம்.

வன்னியில் மலேரியா என்ன பாடு படுத்தியது என்று உங்கள் வயதில் உள்ளவர்களுக்குத் தெரியும். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. வீடு வீடாக வந்து மருந்தடித்து, விரலில் குத்தி இரத்தம் எடுத்து, ஒரு காய்ச்சலையும் விடாமல் தேடிய ஆட்களின் உழைப்பு அது. அவர்களில் ஒருவரும் எங்களுக்கு ஒன்றும் விற்கவில்லை.

கேள்வி: நான் குடும்பநல உத்தியோகத்தர் (மிட்வைஃப்). கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் போடும் எச்.பி.வி. ஊசி பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் டொக்டரும் நானும் விளங்கப்படுத்தினோம். யாரோ நான் பேசியதில் இருபது செக்கன்டை மட்டும் வெட்டி டிக்டொக்கில் போட்டு, நான் பிள்ளைகளுக்குக் கெட்ட பழக்கம் சொல்லிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறார்கள். கீழே என் உடுப்பு, நான் ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்பது, எழுத முடியாத வார்த்தைகள். உள்ளூர் அரசியல்வாதி ஒருவரும் ‘எங்கள் கலாசாரம்’ என்று போட்டுப் பகிர்ந்திருக்கிறார். ஏழு பெற்றோர் ஊசி வேண்டாம் என்று எழுதித் தந்துவிட்டார்கள். வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது.
– பெயர் வேண்டாம், துணுக்காய்ப் பக்கம்

பதில்: பிள்ளை, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அதே கூட்டத்தில் டொக்டரும் அதே விசயத்தைத்தான் சொன்னார். அவர் கலியாணம் கட்டினாரா, என்ன சேட்டுப் போட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊசியைப் பற்றி அவர்களிடம் கேள்வி இருந்திருந்தால் ஊசியைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். ஒரு பெண் சனத்துக்கு முன்னால் மைக் பிடித்துக் கருப்பைக் கழுத்து என்று வாய்விட்டுச் சொன்னதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. விசுவமடுத் தங்கையின் மாமி பார்த்த அண்ணாவுக்கும் இவர்களுக்கும் இதில் ஒரே வேலை: நாங்கள் நம்பிக் கதைக்கிற ஒரே ஆளான மிட்வைஃப் மிஸ்ஸை நம்ப முடியாதவள் ஆக்கிவிட்டால் பிறகு அவர்கள் சொல்வதுதான் மருந்து, அவர்கள் வைப்பதுதான் சட்டம்.

மற்றப் பெற்றோரும் வாசிப்பதால் ஊசியைப் பற்றி இரண்டு வரி. இலங்கையில் 2017 இல் இருந்து போடுகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் நூற்றுக்கு 70 அளவுக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரசின் 16, 18 என்ற இரண்டு வகை, இரண்டையும் இந்த ஊசி தடுக்கும். வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்னம் போட்டால்தான் முழுப் பலன், சின்ன வயதில் போடுவது முக்கியமாக அதற்காகத்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அந்த வீடியோவுக்குக் கீழே ஒன்றும் எழுதாதீர்கள். அதை அழிக்கச் சொல்லிக் கேட்பதற்கு முன்னம் லிங்க், திகதி, பெயர்கள், மோசமான கொமென்ட்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். உங்கள் சுகாதார வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் முறையிடுங்கள், வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். பொலிஸில் பெண்கள் சிறுவர் பிரிவு இருக்கிறது, பெண்களுக்கான 1938 இலக்கமும் இருக்கிறது, தனியாகப் போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்த அந்த டொக்டர் இப்போது வாயைத் திறக்க வேண்டும். முழுப் பேச்சையும் சொல்லித் தன் பெயரில் அவர் ஒரு பதிவு போடட்டும், இதை அவரிடம் நேரே கேளுங்கள்.

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பாலை மரக் கொப்பில் தராசைக் கட்டிப் பிள்ளைகளை நிறுத்திருக்கிறோம். ஊசிப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கிரவல் ரோட்டில் வந்த மிஸ்மாரைத் தாய்மார் வழி பார்த்துக்கொண்டு நின்றார்கள். உடுப்பு மூட்டையை விட்டுவிட்டு ஓடி வந்த தாய்கூடப் பிள்ளையின் கிளினிக் அட்டையை ஷொப்பிங் பையில் சுற்றி நெஞ்சுக்குள் வைத்திருந்தா. அந்தத் தாய்மார் இன்றைக்கு அம்மம்மாக்கள், உங்கள் பிரிவிலும் இருப்பார்கள். அந்த ஏழு வீட்டுக்கும் போகும்போது அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வீடியோவைப் பற்றி வீட்டுக்காரர் கேட்டால் ஒளிக்காமல் முழுதையும் சொல்லுங்கள். ஏழு பேரும் சம்மதிக்க மாட்டார்கள், மூன்று பேர் சம்மதித்தாலும் மூன்று பிள்ளைகள். ராஜினாமாக் கடிதத்தை இப்போது எழுத வேண்டாம். முதல் ஊசி போட்ட மற்றப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்தில் இரண்டாவது ஊசி இருக்கிறது, அன்றைக்கு அவர்கள் உங்களைத்தான் தேடுவார்கள்.