நீடாமங்கலத்து மோட்டாரும் லீட்ஸ் பாய்லரும்

வலங்கைமான் தம்பி, போன மாசம்தான் மனைவி, கைக்குழந்தையோடு இங்கிலாந்தின் லீட்ஸில் வந்து இறங்கியதாகவும், வாடகை வீட்டில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பலகைகளுக்கும் குழாய்க்கும் வெந்நீர் காய்ச்சி அனுப்பும் கேஸ் பாய்லர் மூன்று நிமிஷம் எரிந்து, அணைந்து, திரும்பப் பற்றுவதாகவும் எழுதி, இது பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே அரிசி, லைசென்ஸ், தமிழ்ப் பள்ளி என்று வேறு கேள்விகள். பொன்னி அரிசி கிடைக்கும். ஊர் லைசென்ஸை வைத்து ஒரு வருஷம் கார் ஓட்டலாம். பிள்ளைக்குப் பல்லே முளைக்கவில்லை, பள்ளிக்கு என்ன அவசரம். பாய்லரைப் பேசுவோம், அதில் நான் அடிபட்டவன்.

2007 தை மாசம் வந்தேன். ஐந்து பேர் சேர்ந்து எடுத்த வீடு. கேஸ் மிச்சம் பிடிக்கலாம் என்று யாரோ சொல்ல, என் அறை தவிர மற்ற எல்லா ரேடியேட்டர் வால்வையும் நானே திருகி மூடினேன். அன்று ராத்திரி முழுக்க சமையலறையில் டிக், புஸ், டிக், புஸ். அறையும் சரியாகச் சூடாகவில்லை, கேஸும் குறையவில்லை. பிப்ரவரியில் பாய்லர் படுத்தேவிட்டது. பத்து நாள் அடுப்பில் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வீட்டு ஏஜென்ட் எங்கள் மேல் பழி போட்டு டெபாசிட்டில் பிடித்த காசு இன்றுவரை நெஞ்சில் நிற்கிறது.

சரிசெய்ய வந்த பெரியவர் விளக்கியபோதுதான் எனக்கு எங்கள் ஃபில்டர் பாயிண்ட், அதான் வயலில் குழாய் இறக்கி மோட்டார் வைத்து இறைக்கும் ஆழ்குழாய்க் கிணறு, ஞாபகம் வந்தது. நீடாமங்கலத்தில் அப்பா 5 எச்.பி. மோட்டாரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் நிறைய வரட்டும் என்று 7.5 மாட்டினார். குழாய்க்குள் ஊறுகிற தண்ணீர் அதேதானே. பத்து நிமிஷத்தில் காற்றை இழுக்கும், நிறுத்துவார், பம்பில் தண்ணீர் ஊற்றித் திரும்பப் போடுவார். மோட்டார் காயில் போனதுதான் மிச்சம். பாய்லரில் கொஞ்சம் தலைகீழ், அவ்வளவுதான். உண்டாகிற சூடு போய்ச் சேர இடமில்லை. வயலுக்குப் பிரியும் கன்னி வாய்க்கால் மதகை எல்லாம் அடைத்துவிட்டு வாய்க்காலில் தண்ணீரை விட்டால் தலைமடையில் ஏறிக்கொள்ளுமே, அப்படி. போன தண்ணீர் சூடு குறையாமலே திரும்பி வரும், பாய்லர் 'போதும்' என்று அணையும், கொஞ்சம் ஆறியதும் மறுபடி பற்றும். இதைத்தான் ஷார்ட் சைக்கிளிங் என்கிறார்கள். ஒவ்வொரு முறை பற்றும்போதும் ஃபேன் முதலில் உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும், அதோடு கொஞ்சம் சூடும் போய்விடும். பற்றவைக்கிற பாகங்களும் தேயும்.

தனித் தொட்டி இல்லாமல் ரேடியேட்டருக்கும் குழாய்க்கும் ஒன்றாகவே வெந்நீர் தரும் காம்பி பாய்லரை ஷவருக்கு ஏற்ற மாதிரி 24, 30 கிலோவாட்டுக்கு வாங்கி மாட்டுவார்கள். சின்ன வரிசை வீட்டுக்கு அக்டோபர் குளிரில் 2, 3 கிலோவாட் போதும். எங்கள் பழையது எவ்வளவு அடக்கினாலும் 7க்குக் கீழே இறங்காது. அப்புறம் எப்படி அணையாமல் எரியும்? இதில் பெரிசு போட்டால் நல்லது என்று சொல்கிற நம் ஆட்கள் வேறு. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 35 கிலோவாட் போட்டதைக் கல்யாணப் பந்தல் மாதிரி படம் எடுத்துப் போட்டிருந்தார். இவர்கள் டிசம்பரிலும் பனியன் கைலியோடு திரிய வேண்டும் என்று ரேடியேட்டர் தண்ணீரை 80 டிகிரியில் வைப்பார்கள். இன்னொரு கூட்டம் என்னை மாதிரி எல்லாவற்றையும் மூடிவிட்டு உல்லன் குல்லாவோடு தூங்கும். இரண்டுமே தப்பு.

நீங்கள் முதலில் வால்வுகளைத் திறங்கள். அறைச் சூட்டைப் பார்த்து பாய்லரைப் போடவும் நிறுத்தவும் சொல்லும் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்து ரேடியேட்டரைக் கட்டாயம் முழுசாகத் திறந்து வையுங்கள். பாய்லர் முகப்பில் குழாய்ப் படம் ஒன்று, ரேடியேட்டர் படம் ஒன்று என இரண்டு திருகு இருக்கும். ரேடியேட்டர் திருகை 55, 60 டிகிரிக்கு இறக்குங்கள். தொட்டால் கை சுடவில்லையே என்று பயப்படாதீர்கள், வீடு மெதுவாகச் சூடாகி அப்படியே நிற்கும். இப்போதைய கண்டன்சிங் பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான் புகையில் போகிற சூட்டையும் பிடித்துத் தர முடியும். வெந்நீர்த் தொட்டி தனியாக இருக்கிற வீடு என்றால் மட்டும் இவ்வளவு இறக்காதீர்கள், தொட்டி 60 டிகிரிக்குச் சூடாக வேண்டும், இல்லாவிட்டால் கிருமி சேரும்.

ரேடியேட்டர் மேலே சில்லென்று, கீழே சூடு என்றால் காற்று. ஹீட்டிங்கை அணைத்து, ஆறிய பிறகு ரேடியேட்டர் சாவியால் காற்றை வெளியே விடுங்கள், நானே வருஷாவருஷம் செய்கிறேன். அப்புறம் பிரஷர் முள்ளைப் பாருங்கள், ஆறியிருக்கும்போது 1 பாருக்கும் 1.5 பாருக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேலே சூடு, கீழே சில்லென்று என்றால் கசடு, அது வீட்டுக்காரர் வேலை. யாரும் குழாயைத் திறக்காதபோது சில மணி நேரத்துக்கு ஒருமுறை சும்மா பற்றுகிறதா? அது வெந்நீரைத் தயாராக வைக்கும் ப்ரீஹீட், பழுதில்லை.

ஆனால் மூடியைக் கழற்றாதீர்கள், தம்பி. நம் ஊரில் ஃபியூஸ் கட்டை போடுகிற கை துறுதுறுக்கும், எனக்கும் துறுதுறுத்தது. இங்கே கேஸ் வேலைக்கான கேஸ் சேஃப் பட்டியலில் பதிவு உள்ளவர்தான் தொடலாம். ரேடியேட்டருக்கு பாய்லர் எரியும் உச்ச கிலோவாட் அளவைக் குறைத்து வைப்பதையும் அவரிடமே சொல்லுங்கள், பல மாடலில் அந்த வசதி உண்டு. வருஷம் ஒருமுறை கேஸ் சோதனை செய்து சான்றிதழ் தருவது வீட்டுக்காரர் கடமை, வாயைத் திறந்து கேளுங்கள், நான் அன்று கேட்கவில்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், குழந்தை இருக்கிற வீடு.

அப்பாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னபோது, "அங்கயும் கடைமடைக்குச் சூடு வரலையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்த 7.5 மோட்டார் இன்னும் எங்கள் கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கிறது, விற்க விடமாட்டேன் என்கிறார். உங்கள் வீட்டில் எத்தனை ரேடியேட்டர் மூடியிருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.