விளம்பரப் பக்கத்தால் தேடல் இடம் பறிபோகுமா?

கேள்வி: எங்கள் சேவையை விளக்கும் பக்கம் கூகுள் தேடலில் பல ஆண்டுகளாக முன்வரிசையில் வருகிறது. இப்போது அதே சேவைக்குக் கட்டண விளம்பரம் கொடுக்கவிருப்பதால், ஏறத்தாழ அதே வாசகங்களுடன் ஆறு லேண்டிங் பேஜ்களை, அதாவது விளம்பரத்தைச் சொடுக்குவோர் வந்திறங்கும் பக்கங்களைத் தயாரித்திருக்கிறோம். இவற்றால் பழைய பக்கம் பின்தங்குமா? பக்கங்களைப் படிக்கும் தானியங்கி நிரல்களான பாட்களுக்கு விதி சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் (robots.txt) தடுத்துவிட்டால் போதும் என்கிறார் நண்பர்.

பதில்: விளம்பரம் கொடுப்பதால் இயல்பான தேடலில் உங்கள் இடம் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. சிக்கல் அந்த ஆறு பக்கங்களின் சாயலில்தான் இருக்கிறது. ஒரே சங்கதியைச் சொல்லும் பக்கங்களை கூகுள் ஒன்றாகச் சேர்த்து, அவற்றுள் ஒன்றை மட்டுமே மூலப்பக்கமாகக் கொள்ளும். இது தண்டனை அன்று. ஆனால் அது தேர்ந்தெடுப்பது, மெனுவும் விளக்கமும் இல்லாமல் ஒரு படிவத்தோடு நிற்கும் உங்கள் விளம்பரப் பக்கமாகவும் இருந்துவிடலாம்.

நண்பரின் யோசனையை ஏற்காதீர்கள். ரோபோட்ஸ் கோப்பு பக்கத்தைப் படிப்பதைத்தான் தடுக்குமே தவிர, பட்டியலில் சேர்ப்பதை அல்ல. வேறொரு தளம் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே வெறும் முகவரி தேடலில் வந்துவிடக்கூடும். பக்கத்தின் HTML நிரலிலுள்ள தலைப்பகுதியில் 'நோஇண்டெக்ஸ்' (noindex, தேடல் பட்டியலில் சேர்க்காதே) என்று எழுதுவதே சரியான வழி. அதைக் கூகுள் தேடலின் பாட்டான கூகுள்பாட் படித்தால்தானே அதன்படி நடக்கும்? ஆகவே ரோபோட்ஸ் தடை, நோஇண்டெக்ஸ் இரண்டையும் சேர்த்துப் போடுவது, கதவைப் பூட்டிவிட்டு உள்ளே அறிவிப்பு ஒட்டுவதற்குச் சமம். விளம்பரப் பக்கங்களைச் சோதிக்கும் ஆட்ஸ்பாட் தனி ரகம்: எல்லா பாட்களுக்கும் பொதுவாக, நட்சத்திரக் குறியிட்டு எழுதும் தடையை அது பொருட்படுத்துவதில்லை. பெயர் சொல்லித் தடுத்தால் நின்றுவிடும். அப்போது விளம்பரமே நிராகரிக்கப்படலாம்.

நோஇண்டெக்ஸ் இட்டால் விளம்பரத்தின் தரத்துக்குக் கூகுள் தரும் குவாலிட்டி ஸ்கோர் குறையுமோ என்ற அச்சம் வேண்டாம். 1 முதல் 10 வரையிலான அந்த மதிப்பெண், எதிர்பார்க்கப்படும் கிளிக் விகிதம், தேடிய சொல்லுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், பக்கத்தில் வாசகருக்குக் கிடைக்கும் அனுபவம் ஆகிய மூன்றைத்தான் பார்க்கிறது.

எது மூலப்பக்கம் என்று கூகுளுக்குச் சொல்ல 2009-இல் அறிமுகமான கெனானிக்கல் குறிப்பு வேறொன்றுக்கு உதவும். விளம்பரத்தைச் சொடுக்கி வருவோரின் முகவரியில் 'ஜிகிளிட்' என்ற நீண்ட வால் ஒட்டிக்கொள்வதால் ஒரே பக்கம் பல முகவரிகளில் தோன்றும். அங்கே வாலில்லாத முகவரியைக் கெனானிக்கலாகக் காட்டுங்கள். ஆனால் அது பரிந்துரை மட்டுமே. கூகுள் ஏற்கலாம், விடலாம். எனவே ஆறு பக்கங்களையும் மறைக்க அதை நம்ப வேண்டாம். தளத்தின் பக்கங்களைக் கூகுளுக்குப் பட்டியலிடும் தளவரைபடத்திலும் (சைட்மேப்) அவற்றைச் சேர்க்காதீர்கள்.

என்னைக் கேட்டால், ஆறு பக்கங்கள் எதற்கு என்றுதான் முதலில் கேட்பேன். தேடுவோரின் தேவை உண்மையில் வேறுபடாவிட்டால், பழைய பக்கத்தின் மேற்பகுதியிலேயே படிவத்தை வைத்து, கீழே உள்ள விளக்கங்களை அப்படியே விட்டுவிடலாம். விளம்பரத்துக்காக அந்த விளக்கங்களை வெட்டுவதுதான் தரவரிசைக்கு நேரடியான கேடு.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நோஇண்டெக்ஸை எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான வார்ப்புருவில் (டெம்ப்ளேட்) எழுதிவிட்டால் பழைய பக்கமும் சேர்ந்தே தேடலிலிருந்து மறையும். விளம்பரத்தைத் தொடங்கிய அன்றே தள உரிமையாளர்களுக்கான கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் பழைய பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, அது பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.