எஃப்.டி.சி.எல். இருந்தால் நேரே டாக்டரேட்டா?

கேள்வி: சென்னையில் பதினொரு வருடமாகப் பியானோ சொல்லித் தருகிறேன். படித்தது மூன்று வருட பி.காம்.; லண்டன் டிரினிட்டி காலேஜின் எஃப்.டி.சி.எல். என்ற உயர்நிலை இசை டிப்ளமா முடித்திருக்கிறேன். அமெரிக்காவில் பியானோ வாசிப்பிலும் கற்பித்தலிலும் டாக்டர் பட்டம் வாங்க ஆசை. “எஃப்.டி.சி.எல்.லும் மாஸ்டர்ஸும் ஒன்றுதான், நேரே சீட் வாங்கித் தருகிறோம்” என்று ஒரு கன்சல்டன்சி இரண்டு லட்சம் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

எஃப்.டி.சி.எல். லேசுப்பட்டதல்ல. இங்கிலாந்தின் தகுதி வரிசையில் அது 7ஆம் நிலை, மாஸ்டர்ஸும் அங்கேதான் இருக்கிறது. ஏஜென்ட் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு வரியைத்தான். ஆனால் அது டிப்ளமா, பட்டம் அல்ல. டி.எம்.ஏ. எனப்படும் அந்த டாக்டர் பட்டத்துக்குப் பொதுவாக இசையில் மாஸ்டர்ஸ் வேண்டும். முதலில் இரண்டு வருட மாஸ்டர்ஸ், அப்புறம் மூன்று நான்கு வருடம் டி.எம்.ஏ. என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் டிப்ளமா உதவப்போவது மாஸ்டர்ஸ் வாசலில். “இசையில் இளங்கலை அல்லது அதற்கு இணையானது” என்று சில இடங்களில் போட்டிருப்பார்கள். இணையா இல்லையா என்பதை ஏஜென்ட் முடிவு செய்ய முடியாது. இசைப் பள்ளியின் முதுநிலைப் பிரிவுக்குப் பாடத்திட்டம், மதிப்பெண், வாசித்த உருப்படிகளின் பட்டியல் எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பிக் கேளுங்கள். அவர்கள் சரி என்றாலும் வேலை முடியவில்லை. பல்கலைக்கழகத்தின் முதுநிலை அலுவலகம் வேறு மேசை. மூன்று வருட பி.காம். போதாது என்று அது தட்டிவிடலாம். இரண்டு இடத்திலும் எழுத்தில் வாங்குங்கள். சேர்ந்த பிறகு தியரி, இசை வரலாற்றில் ஒரு தேர்வு வைப்பார்கள். தேறாவிட்டால் கூடுதல் பாடங்கள் படிக்க வேண்டியிருக்கும்.

அடுத்த பொறி, வீடியோ. பல இடங்களில் ஆடிஷனுக்கு (நேரில் வாசித்துக் காட்டும் தேர்வுக்கு) முன்னால் ப்ரீஸ்கிரீனிங் பதிவு, அதாவது முதல் வடிகட்டலுக்கான வீடியோ கேட்பார்கள். “எங்கள் ஸ்டூடியோவில் ஒட்டிச் சரிசெய்து தருகிறோம்” என்பவரிடம் போகாதீர்கள். உருப்படியின் ஒரு பகுதி என்றால் அது முழுவதும் வெட்டாமல் ஒரே மூச்சில் வாசித்ததாக இருக்க வேண்டும். கேமரா வலப்பக்கம், கை, முகம், பெடல் மூன்றும் தெரியட்டும். விரலை எடுத்து, கால் பெடலையும் விட்ட பிறகும் ஸ்வரம் நீடித்தால், நாற்பது வருடம் அதையே கேட்டுவரும் பேராசிரியருக்குப் புரியாதா? ஒரு தப்பு ஸ்வரத்தை மன்னிப்பார்கள், ஒட்டுவேலையை மன்னிக்க மாட்டார்கள்.

பணம். ஏஜென்ட் வாயில் வராத சொல் அசிஸ்டன்ட்ஷிப். குரூப் பியானோ வகுப்பு எடுப்பதற்கும் பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாக வாசிப்பதற்கும் டியூஷன் ஃபீஸைக் குறைத்து, மாதப் பணமும் தரும் ஏற்பாடு அது. பதினொரு வருட வாத்தியார் அனுபவத்துக்கு இங்கேதான் விலை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. வெளியே வீடுவீடாக டியூஷன் எடுத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உதவித்தொகையோடு இடம் வந்தால், ஏப்ரல் 15 வரை யோசிக்க அவகாசம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. “நாளைக்கே கட்டு” என்று ஏஜென்ட் அவசரப்படுத்துவதெல்லாம் அவருடைய அவசரம்.

பல இடங்களில் டிசம்பர் 1 வாக்கில் கடைசித் தேதி. பி.காம். டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு (பல்கலைக்கழகம் தரும் மதிப்பெண் பட்டியலுக்கு) இன்றைக்கே பணம் கட்டுங்கள். என் மாணவி ஒருத்திக்கு அது கைக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. அதை ஏற்றிய பிறகு, அதே மதிப்பெண்களை ஒவ்வொன்றாக மறுபடி டைப் அடிக்கச் சொன்னது விண்ணப்பப் படிவம்!