யுங்கை எந்தப் பக்கத்திலிருந்து திறப்பது? ஆழ்மன உளவியல் வாசிப்பு: கேள்வி பதில்

கேள்வி: சார், யுங்கைப் படிக்கலாம் என்று ‘சிவப்புப் புத்தக’த்தை வாங்கிவிட்டேன். இருபது பக்கம் தாண்ட முடியவில்லை. குறை என்னிடமா?

பதில்: உங்களிடம் குறை இல்லை, வரிசைதான் மாறிவிட்டது. அது 1914 தொடங்கி ஏறக்குறைய 1930 வரை சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் தனக்காக எழுதியும் வரைந்தும் வைத்த ஏடு. அவர் மறைந்து 48 ஆண்டுகள் கழித்து, 2009-இல்தான் அச்சேறியது. அலமாரியில் பத்திரமாக வையுங்கள், பின்னால் அதற்கு வேளை வரும்.

இப்போது 1909-இல் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய, சொல் தொடர்புச் சோதனை பற்றிய உரையை எடுங்கள். அவருடைய ஆங்கிலத் தொகுப்பு நூல்களில் 2-ஆம் தொகுதியில் இருக்கிறது. சோதனை எளியது. மருத்துவர் ஒரு சொல்லைச் சொல்வார். எதிரே இருப்பவர் மனதில் முதலில் தோன்றும் சொல்லைச் சொல்ல வேண்டும். பட்டியலில் 100 சொற்கள், கையில் நொடியை ஐந்தாகப் பிரித்துக் காட்டும் கடிகாரம். அந்த உரையில் ஒருவருடைய பதில்கள் வருகின்றன. ‘தலை’ என்றதும் ‘முடி’ என்கிறார், 1.4 நொடி. ‘பச்சை’ என்றால் ‘புல்வெளி’, 1.6. ‘தண்ணீர்’ என்றால் ‘ஆழம்’. அதற்கு 5 நொடி. ‘கப்பல்’ என்றால் ‘மூழ்கு’, 3.4. ‘ஏரி’க்கு 4 நொடி, ‘நீந்து’ என்பதற்கு 3.8. இடையில் வரும் சொற்களுக்கெல்லாம் ஒன்றரை நொடி போல. மனச்சோர்வில் இருந்த காலத்தில் நீரில் மூழ்கி உயிரை விட எண்ணியவர் அவர்.

காம்ப்ளெக்ஸ், அதாவது ஓர் உணர்ச்சியைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்ட எண்ணங்கள், என்ற சொல்லுக்கு யுங் தந்த பொருள் இந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு நிழல் (நாம் நம்முடையதென்று ஏற்க மறுக்கும் பக்கம்), அனிமா (ஆணின் மனதிலுள்ள பெண் உருவம்), தொல்படிமம் (எல்லா மனங்களுக்கும் பொதுவான வடிவப்போக்கு) எதுவும் அந்தரத்தில் மிதக்காது.

கேள்வி: ஃப்ராய்டைத் தாண்டி நேரே யுங்குக்குப் போகலாமா? ஃப்ராய்ட் காலாவதி ஆகிவிட்டார் என்கிறார்களே?

பதில்: போகாதீர்கள். யுங் எழுதியதில் பாதி, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டுக்குச் சொன்ன மறுமொழி. இருவரும் 1907-இல் சந்தித்து 1913-இல் பிரிந்தார்கள். சண்டையின் மையம் ‘லிபிடோ’: அது பாலுந்தலா, மொத்த உளஆற்றலா? இது தெரியாமல் யுங்கைப் படித்தால் அவர் யாரிடம் வாதாடுகிறார் என்றே புரியாது.

வியன்னாவில் 1915 முதல் 1917 வரை ஃப்ராய்ட் ஆற்றிய அறிமுக உரைகள் மொத்தம் 28. முதல் நான்கில் முன்னுரையும் வாய்தவறல், மறதி போன்ற பிழைகளும் வருகின்றன. 5 முதல் 15 வரை கனவு. அங்கே நிறுத்திக்கொள்ளலாம். நரம்பு நோய்க் கோட்பாடு பேசும் மூன்றாம் பகுதி பிறகு.

வாய்தவறல் பற்றிப் படிக்கும்போது ஒன்று செய்யுங்கள். ஃப்ராய்டின் புகழ்பெற்ற உதாரணத்தைத் தாளில் வரைந்து பாருங்கள். இத்தாலியின் ஓர்வியெட்டோ தேவாலய ஓவியங்களை வரைந்த ‘சிஞ்ஞொரெல்லி’யின் பெயர் அவருக்கு மறந்துபோகிறது. பதிலுக்கு ‘போட்டிசெல்லி’, ‘போல்ட்ராஃபியோ’ என்ற பெயர்கள் வருகின்றன. சற்று முன் பயணத்தில் போஸ்னியா, ஹெர்ஸெகோவினா பற்றிப் பேசியிருந்தார். ‘சிஞ்ஞோர்’ என்றால் ஜெர்மனில் ‘ஹெர்’. அது ஹெர்ஸெகோவினாவின் தலைப்பகுதி. போஸ்னியாவின் ‘போ’ இரண்டு மாற்றுப் பெயர்களிலும் ஒட்டிக்கொண்டது. நோயாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்ட செய்தி அவரை எட்டிய ஊர் ட்ராஃபோய். அது ‘போல்ட்ராஃபியோ’வின் வாலில் இருக்கிறது.

மலைக்க வைக்கும் சங்கிலி. அதே கையோடு மறுதரப்பையும் பாருங்கள். செபாஸ்டியானோ டிம்பனாரோ என்ற, பழைய ஏடுகளின் பாடங்களை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் 1974-இல், இத்தகைய பிழைகளில் பலவற்றை ஏடு பெயர்த்து எழுதுகிறவர்களுக்கு நேரும் சாதாரணப் பிழைகளாகவே விளக்கலாம் என்று வாதாடினார். ஓலைச்சுவடிகளில் பாடபேதம் பார்த்தவர்களுக்கு அவர் சொல்வது உடனே பிடிபடும். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தவரை அதன்பின் எந்த விளக்கமும் எளிதில் மயக்கிவிடாது.

கேள்வி: சரி, அதற்குப் பின் யுங்கில் என்ன வரிசை?

பதில்: 1935-இல் லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் பேசிய ஐந்து உரைகள். ஒவ்வொன்றின் முடிவிலும் மருத்துவர்கள் குறுக்குக் கேள்வி கேட்கிறார்கள், அதனால் பேச்சு தரையில் நிற்கிறது. அடுத்து 7-ஆம் தொகுதியின் இரண்டு கட்டுரைகள். பிறகு ‘அயோன்’, ஆனால் முதல் நான்கு அத்தியாயங்கள் மட்டும்: ஈகோ (‘நான்’ என்ற நனவின் மையம்), நிழல், அனிமா–அனிமஸ் (அனிமஸ் பெண்ணின் மனதிலுள்ள ஆண் உருவம்), செல்ஃப் (நனவும் நனவிலியும் சேர்ந்த முழு மனம்). ஐந்தாவதில் கிறிஸ்துவைப் பற்றிய வாதம் தொடங்குகிறது, அதன்பின் மீன் சின்னமும் ரசவாதமும். பலர் கைவிடும் இடம் அதுதான்.

6-ஆம் தொகுதியின் கடைசியில் யுங்கே எழுதிய சொல் விளக்கங்கள் உள்ளன. அதை அகராதி போலப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பெடுக்கும்போது பக்க எண் எழுத வேண்டாம். தொகுப்பு நூல்களில் பத்திகளுக்கு எண் உண்டு, தொகுதி எண்ணும் பத்தி எண்ணும் எழுதினால் எந்தப் பதிப்பிலும் கண்டுபிடிக்கலாம்.

எல்லோரும் முதலில் சிபாரிசு செய்யும் ‘மனிதனும் அவன் குறியீடுகளும்’ நூலில் முதல் பகுதி மட்டுமே யுங் எழுதியது, மற்ற நான்கும் அவருடைய சகாக்கள் எழுதியவை. ‘நினைவுகள், கனவுகள், சிந்தனைகள்’ நூலும் பெரும்பாலும் அனியேலா யாஃபே கேட்டுப் பதிந்து தொகுத்தது. இனிமையான வாசிப்பு, ஆனால் கோட்பாட்டுக்கு ஆதாரமாக மேற்கோள் காட்டாதீர்கள்.

கேள்வி: தமிழில் ஆழ்மனம், நனவிலி, தொல்படிமம், ஆழ்படிமம் என்று பல சொற்கள். குழப்பமாக இருக்கிறது, ஐயா.

பதில்: நமக்கே தெரியாமல் இயங்கும் மனப்பகுதிக்கு (unconscious) நனவிலி என்ற சொல் எனக்கு உகந்தது. ‘ஆழ்மனம்’ என்றதும் ‘ஆழ்மன சக்தியால் நினைத்ததை அடையலாம்’ வகைப் புத்தகங்கள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தொல்படிமத்தில் எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்: அதைப் படம் என்று எண்ணிவிடுகிறார்கள். காளி தொல்படிமம், கண்ணகி தொல்படிமம் என்று எழுதுகிறோம். யுங் சொல்வது வடிவம் எடுக்கும் போக்கை. உப்புக் கரைசலில் படிகத்தின் அச்சு கண்ணுக்குத் தெரியாது. படிகம் உறையும்போதுதான் அந்த அமைப்பு புலப்படும் என்பது அவருடைய உவமை. காளியும் கண்ணகியும் உறைந்த படிகங்கள்.

‘செல்ஃப்’பை ‘ஆத்மா’ என்று மொழிபெயர்ப்பது இதைவிடப் பெரிய சிக்கல். யுங் 1937 டிசம்பரில் இந்தியா வந்தார், அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழா அழைப்பில். திருவண்ணாமலைக்குப் போகவில்லை. ரமணரைப் பற்றி ஜெர்மன் இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிஷ் ஸிம்மர் எழுதிய நூலுக்கு 1944-இல் முன்னுரை தந்தார், 11-ஆம் தொகுதியில் இருக்கிறது. ரமணருக்கு ‘நான்’ கரைந்துபோக வேண்டியது. யுங்குக்கோ ஈகோ இல்லாவிட்டால் செல்ஃபை அறிவதற்கு ஆளே இல்லை. நம் வாசகர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய சில பக்கங்கள் அவை. உடன்பாடு இல்லாவிட்டாலும்கூட.

கேள்வி: தத்துவத்தில் எவ்வளவு தேவை? கான்ட் முழுக்கப் படிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கான்ட்டின் 1783 ‘முன்னுரைகள்’ போதும், பொருள் தன்னளவில் எப்படி இருக்கிறது என்பது நமக்கு எட்டாது என்ற வாதம் வரை. ‘தொல்படிமத்தை நேரே காண முடியாது’ என்று யுங் சொல்வது அந்த அச்சில்தான். ஷோபன்ஹவரில், ‘இச்சையும் எண்ணமுமாக உலகம்’ நூலுக்கு 1844-இல் வந்த இரண்டாம் பாகத்தின் 19-ஆவது அத்தியாயம்: இச்சை முடிவெடுத்துவிடுகிறது, அறிவு பிறகுதான் தெரிந்துகொள்கிறது. நீட்ஷேயில் ‘ஜரதுஷ்ட்ரா’வைத் தொடாமல், ‘ஒழுக்கத்தின் வம்சாவளி’ (1887) இரண்டாம் கட்டுரையின் 16-ஆவது பிரிவைப் படியுங்கள். வெளியே போக வழியில்லாத உந்துதல் உள்ளே திரும்புகிறது என்பதை ஃப்ராய்டுக்கு முன்பே அங்கே காணலாம்.

கேள்வி: கனவுக் குறிப்பேடு வைக்கலாமா? பாம்பு அடிக்கடி வருகிறது.

பதில்: வையுங்கள். படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே எழுதுங்கள். தேதி, கனவு, முந்தைய நாள் நடந்தது, இவ்வளவுதான் முதலில். பிறகு ஒவ்வொரு உருவத்துக்கும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதி, மறுபடி அதே உருவத்துக்குத் திரும்புங்கள். பாம்பு, கயிறு, கிணறு, மாமா வீடு என்று போய்க்கொண்டே இருந்தால் காம்ப்ளெக்ஸைச் சென்றடைவீர்கள், ஆனால் கனவு ஏன் கயிற்றை விட்டுப் பாம்பைத் தேர்ந்தது என்பது தவறிப்போகும். யுங் ஃப்ராய்டிடமிருந்து விலகும் நுட்பமான இடம் இது. பஞ்சாங்கத்துக் கனவுப் பலனைப் பார்க்காதீர்கள். ஒரு கனவை வைத்து முடிவுக்கும் வராதீர்கள், இருபது முப்பது சேரட்டும்.

தூக்கம் கெட்டிருந்தாலோ, குரல்கள் கேட்டாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ ஏட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கட்டணம் இல்லை. விழித்திருக்கும்போதே உருவங்களோடு உரையாடும் ‘செயல்முனைக் கற்பனை’ பயிற்சியைத் துணையில்லாமல் தொடங்கவே வேண்டாம்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை பக்கம்?

பதில்: பத்துப் பன்னிரண்டு பத்திகள். குறிப்பேட்டை நடுவில் கோடு போட்டு இரண்டாக்குங்கள். இடப்பக்கம் ஆசிரியர் பார்த்தது: நோயாளி சொன்னது, கனவு, நொடிக் கணக்கு. வலப்பக்கம் அதிலிருந்து அவர் முடிவு கட்டியது. வலப்பக்கம் நிரம்பி இடப்பக்கம் காலியாக இருந்தால் அந்த அத்தியாயத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள்.